வாய் திறக்காத கோப்பு

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் 'அடையாளம் தெரியாத மின்கோப்புகள் கண்டறிதல் மற்றும் திறத்தல் பிரிவு' இயங்கி வந்தது. கம்ப்யூட்டர் கோப்புகளில் பெரும்பாலானவை சாது. க்ளிக் செய்தால் திறந்துகொள்ளும். சில மட்டும் அடம் பிடிக்கும். அடம் பிடிப்பவற்றைத் திறக்க வைப்பதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, அதற்கு ஆள் போட வேண்டி வந்தபோது, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைப் போடுவதா, திறக்க வைக்கத் தெரிந்தவர்களைப் போடுவதா என்ற கேள்வி மேலிடத்தில் எழுந்ததாம். கம்ப்யூட்டரை எவனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான், திறக்க வைப்பது பிறவியிலேயே வர வேண்டும் என்று முடிவாகி, போலீஸ் விசாரணையில் பேர் வாங்கியவர்களாகப் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்தான் பிரிவு அதிகாரி அறிவுச்செல்வன்.

அவருடைய இருக்கைக்கு மேல் 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்' என்று சாக்பீஸில் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். மேசை மேல் மவுஸ் இருக்கும், பக்கத்திலேயே லத்தி இருக்கும். எதை எப்போது எடுப்பார் என்று அவருக்கே தெரியாது.

அந்த மாடிப்படியில்தான் வைகாசியில் ஒரு காலை, கட்டுப் போட்ட இடது கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சின்னதுரை ஏறினான். பின்னாலேயே அவன் மனைவி சந்தியாவும் வந்தாள். கோப்புக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாதவர்கள் கீழேயே இருக்க வேண்டும் என்று அவளை மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

சின்னதுரை கூலிக்கு டிராக்டர் ஓட்டுபவன். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சித்திரையில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போய் ரோட்டில் வரிசையில் நின்றிருந்தான். கரும்பு வெட்டுக் கான்ட்ராக்டர் சிவசங்கரின் டிராக்டர் பின்னாலிருந்து வந்து வரிசையில் நடுவில் நுழைந்தது. "வரிசையில வாங்க" என்றான் சின்னதுரை. அவன் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான். நாலு பேர் ஜாக்கி ராடோடு இறங்கினார்கள். அவன் கை முறிந்தது, முன்பல் இரண்டு போனது. அடித்த வேகத்தில் அவர்களில் ஒருவன் தரையில் கிடந்த கரும்புச் சோகையில் வழுக்கி, டிரெய்லர் கொக்கியில் நெற்றியை இடித்துக்கொண்டான். அந்த நெற்றிக்கு ஆறு தையல். சாயந்தரமே, சின்னதுரை ஜாக்கி ராடால் அடித்துக் கொல்லப் பார்த்தான் என்று சிவசங்கர் புகார் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அவனைப் போலீஸார் தூக்கிப் போனார்கள். இப்போது நிபந்தனை ஜாமீனில் வெளியே இருக்கிறான்.

நல்லவேளை, எதிரில் ராஜாங்கம் என்பவரின் உரக்கடை இருந்தது. கடை வாசலில் கேமரா இருந்தது. நடந்த அத்தனையும் அதில் பதிந்திருந்ததை ராஜாங்கம் கடை டிவியில் போட்டே காட்டினார். சின்னதுரையும் சந்தியாவும் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பெட்டி பழைய பதிவை அழித்து அழித்து மேலேயே எழுதிக்கொள்ளும் என்பதால், அதை ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தார். வக்கீல் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார். கோர்ட் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று ஆடிக் கடைசியில் வரும் வாய்தாவுக்குள் சொல்லுங்கள் என்று கோர்ட் அதை இந்தப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அது திறந்தால் சின்னதுரை வீட்டுக்குப் போவான். திறக்காவிட்டால் ஜாமீன் ரத்தாகி ஜெயிலுக்குப் போவான்.

"பேரு இன்னா?" என்றார் அறிவுச்செல்வன்.

"சின்னதுரைங்க."

"உன் பேரை யாருய்யா கேட்டது. கோப்போட பேரைச் சொல்லு."

சின்னதுரைக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தற்காலிக உதவியாளன் ஆகாஷ் எட்டிப் பார்த்துச் சொன்னான். "பேரு வெறும் நம்பரா இருக்கு சார். தேதியும் நேரமும் போல. அப்புறம் புள்ளி வச்சி டி, ஏ, வி."

"புள்ளிக்குப் பின்னால இருக்கிறதுதான்யா முக்கியம். ஆளு யாரு, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்னு அதுலதான் தெரியும்." அறிவுச்செல்வன் திரையை உற்றுப் பார்த்தார். "டிஏவின்னு நம்ம பக்கத்துல ஒருத்தனும் கிடையாதே. வெளியூர்க்காரன். திற."

ஆகாஷ் இரண்டு தட்டுத் தட்டினான். இந்தக் கோப்பை எதைக் கொண்டு திறக்க விரும்புகிறீர்கள் என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. ஆகாஷ் அதைத் தமிழில் சொன்னான்.

"கேள்வி நாம கேக்கணும். இவன் நம்மளக் கேக்குறான்" என்று சொல்லி, அறிவுச்செல்வன் ஓங்கி ஓர் அறை விட்டார். கோப்புக்குப் பிடரி இல்லாததால் அது ஆகாஷின் பிடரியில் விழுந்தது. ஆகாஷ் நெற்றியை விசைப்பலகையில் இடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலையில் சேரும்போதே சொல்லிச் சேர்த்திருப்பார்கள் போல.

படம் பார்க்கிற மென்பொருளால் திறந்து பார்த்தார்கள். பாட்டுக் கேட்பதால், கணக்குப் போடுவதால், எல்லாவற்றாலும் முயன்றார்கள். கடைசியில் நோட்பேடில் போட்டபோது கோப்பு பொலபொலவென்று கொட்டியது. கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் தலையில் புள்ளி வைத்த எழுத்துகளாகவும் திரை நிரம்பி வழிந்தது. "வாயைத் திறந்துட்டான்யா" என்று அறிவுச்செல்வன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

வாக்குமூலம் கொடுக்கிறபோது எழுதிக்கொள்ளாமல் விடுவது விதிப்படி குற்றம். ஆகவே காவலர் கலையரசன் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க, தட்டச்சர் கலையரசி அடித்துக்கொண்டே வந்தாள். கலையரசன் பனைமரம் மாதிரி ஆள். குரலும் அப்படித்தான். "கட்டம், கட்டம், கேள்விக்குறி, ஒய்க்கு மேல ரெண்டு புள்ளி, மறுபடியும் கட்டம்" என்று அவர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் படித்தார். பிறகு சின்னதுரையைக் கூப்பிட்டு, படித்துக் காட்டக் கேட்டேன், சரியென்று ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"இதுல இன்னா சார் சொல்லிக்கிது?" என்றான் சின்னதுரை.

கலையரசன் கட்டுப் போட்ட கையின் மேல் லத்தியால் ஒன்று வைத்தார். சின்னதுரைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மற்றக் கையால் கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கே இன்னொரு வழியையும் பார்த்தார்கள். பேரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கலையரசி சொன்னாள். அவளுடைய அத்தை பையனுக்குப் பேர் மாற்றிய பிறகுதான் வேலை கிடைத்ததாம். ஆகாஷ் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை அழித்துவிட்டு, எல்லா வீடியோவுக்கும் இருக்கிற எம்பி ஃபோர் என்ற வாலை ஒட்டினான். கோப்பின் முகம் உடனே மாறியது. நல்ல குடும்பத்து வீடியோ போல அழகாக உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் போண்டா வரவழைத்தார் அறிவுச்செல்வன். சின்னதுரைக்கும் ஒன்று கிடைத்தது. பல் இல்லாத பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டே, இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான்.

தட்டினால் இருட்டுத் திரைதான் வந்தது. ஓட முடியவில்லை என்றது.

"பேரை மாத்திக்கினான். புத்தியை மாத்திக்கலியே" என்று அறிவுச்செல்வன் லத்தியை எடுத்தார். ஒரே போடில் திரை நொறுங்கியது. கலையரசன் உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். கோப்பு உள்ளே இல்லை.

சின்னதுரை மெல்ல வாயைத் திறந்தான். "சார், உரக்கடை டிவியில நல்லா ஓடுதுங்க. நானே பாத்தேன். அங்கியே போய்ப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடுங்க."

அறிவுச்செல்வன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். அப்புறம் தன் பணிக்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"தம்பி, நீ படிக்காதவன். உனக்குப் புரியிற மாதிரி சொல்றேன். அது பொறந்த எடம் உரக்கடை. பொறந்த வூட்டுல போய் நிக்கவச்சா சொல்லிக்குடுத்ததைத்தான் சொல்லும். அதை எந்த நாதியும் இல்லாத எடத்துக்குக் கொண்டாந்து, சொந்தபந்தம் மொகத்தைக் காட்டாம, தண்ணி காட்டாம, நாலு நாள் உக்கார வச்சிப் பேச வச்சாத்தான் அது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து என்கிட்ட வாயைத் திறக்காதவன்னு ஒருத்தன் கிடையாது. செஞ்சவனும் ஒத்துக்கினான், செய்யாதவனும் ஒத்துக்கினான். ஒருத்தன் எங்க அடியில செத்தே போனான். அவன்கூட ஒத்துக்கினுதான் செத்தான். அப்பேர்ப்பட்ட ரெக்கார்டு என்னுது. ஒரு பென்டிரைவ் வந்து அதைக் கெடுக்கிறதுக்கு நான் வுட்ருவனா?"

கலையரசனும் கலையரசியும் தலையாட்டினார்கள். ஆகாஷ் பிடரியைப் பொத்திக்கொண்டு ஆட்டினான். சின்னதுரையும் ஆட்டி வைத்தான். ஆட்டாமல் என்ன செய்வது?

அடுத்த முறை அவனை வரச் சொன்னது ஆனி மாத முகூர்த்த நாளில். அதில் ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்தில் கெட்டிமேளம் எதற்கு வைத்தார்கள்? தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்றுதான். மாடியில் இருந்தவர்கள் இந்தப் பழக்கத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கடினமான கோப்புகளை முகூர்த்த நாளுக்கென்று எடுத்து வைப்பார்கள்.

புதுத் திரை வாங்கியிருந்தார்கள். கோப்பை அதில் நடுவாக வைத்து, அது பார்க்கும்படியாக எதிரில் சின்னதுரையை முட்டி போட வைத்தார்கள். சந்தேகத்துக்கு ஆளானவன் பேசாவிட்டால் அவன் கண் முன்னால் அண்ணனையோ அப்பனையோ கொண்டுவந்து அடிப்பது பழைய முறை. நல்ல பலன் தரும். கோப்புக்கு அண்ணனும் இல்லை, அப்பனும் இல்லை. உள்ளே இருப்பவன் சின்னதுரை என்று அவனே சொல்லியிருப்பதால், இருக்கிற ஒரே உறவு அவன்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கீழே நாதஸ்வரம் தொடங்கியது. அறிவுச்செல்வன் திரையின் பக்கம் குனிந்து, "கடைசியாக் கேக்குறேன். உன்னால ஒரு ஏழை அடி வாங்கிக்கினு கிடக்கிறான். உனக்கு மனசாட்சி இல்லையா?" என்று கேட்டார். கோப்பு பதில் சொல்லவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. கலையரசன் உள்ளங்காலில் ஆரம்பித்தார்.

ஒவ்வொரு அடிக்கும் ஆகாஷ் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தட்டுக்கும், எதைக் கொண்டு திறக்க விரும்புகிறீர்கள் என்று கம்ப்யூட்டர் கேட்டது. லத்தியால் என்று கலையரசன் ஒருமுறை பதிலும் சொன்னார். அடி முதுகுக்கு ஏறியது. கூடிக்கொண்டிருந்த எலும்பு மறுபடி விட்டது. சின்னதுரை கத்தினான். மணமக்கள் மேல் அட்சதை விழுந்துகொண்டிருந்தது.

கீழே சந்தியாவைப் பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும் நினைத்துப் பந்தியில் உட்கார வைத்திருந்தார்கள். இலை போட்டவர் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். "மாடிக்கு வந்தோங்க" என்றாள். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் இன்னொரு லட்டு வைத்துவிட்டுப் போனார். அவள் எதையும் தொடவில்லை. சின்னதுரை கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தபோது, லட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"தொறந்துச்சா?" என்றாள்.

"இல்ல."

"உன்னை ஏன்யா அடிச்சாங்க?"

"அது தொறக்கலன்னுதான்."

ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் பூட்டிக் கிடந்தது, மேளம் இல்லை. இந்த நிர்வாகச் சிக்கலை மனதில் கொண்டு விசாரணையைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் டவர் கிடைக்காத இடம் ஒன்று பார்த்தார்கள். டவர் இல்லாவிட்டால் கோப்புக்கு வெளியிலிருந்து உதவி வராது, சத்தம் போட்டாலும் கேட்க ஆள் இல்லை என்று இரண்டு காரணத்தையும் உத்தரவிலேயே எழுதினார் அறிவுச்செல்வன். பென்டிரைவ் தப்பி ஓடாமல் இருக்க அதைக் கலையரசனின் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜீப்பின் பின்னால் புது மாவுக்கட்டோடு சின்னதுரை கிடந்தான். ஒவ்வொரு வளைவிலும் மாவுக்கட்டு கம்பியில் மோதியது. சந்தியா பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

மேலே ஒரு பழைய தானியக் கிடங்கில் பென்டிரைவை வெயிலில் வைத்தார்கள், மிளகாய்ப் புகை காட்டினார்கள், ஐஸ்கட்டி மேல் படுக்கவைத்தார்கள். பென்டிரைவ் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது. அதைப் பார்த்த அறிவுச்செல்வனுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. இப்படி ஓர் அழுத்தக்காரனைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். வாய்தாவோ நெருங்கிவிட்டது. திறக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பிரிவையே மூடிவிடுவார்கள்.

அப்போதுதான் அவருக்குக் காவல்துறையின் இன்னொரு பழக்கம் ஞாபகம் வந்தது. குற்றவாளியைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போய், எப்படிச் செய்தாய், நடித்துக் காட்டு என்று படம் பிடிப்பார்களே, அது.

"கோப்புக்குள்ள இருக்கிறது ஒரு அடிதடி. அது காட்ட மாட்டேங்குது. நாம காட்டுவோம். அதே அடியை நடத்திப் படம் புடிச்சா அதுதானே இது? வடிவ மாற்றம்னு பேரு இதுக்கு" என்றார். ஆகாஷ் வாயைத் திறக்கப் போனான். அப்புறம் பிடரி ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

சம்பவம் ரோட்டில் நடந்தது என்பதால் வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். ஒரு பக்கம் சாமைக் காடு, எதிரில் பஸ். ஜாக்கி ராடுக்குப் பதில் மூங்கில் கழி. கலையரசனும் இன்னும் மூன்று காவலர்களும் சிவசங்கரின் ஆட்களாக நின்றார்கள். ஆகாஷ் போனைப் பிடித்தான். சாமை மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த மலைக்காரர் பிச்சைமுத்து சந்தியாவிடம் கேட்டார். "சினிமாப் படமா?"

"இல்லீங்க. கோப்பு தொறக்குறாங்க."

"மொதல்ல எங்க அடிச்சாங்க?" என்றார் அறிவுச்செல்வன்.

"தோள்லங்க" என்றான் சின்னதுரை. தோளில் விழுந்தது.

"அப்புறம்?"

"முதுகுலங்க." முதுகில் விழுந்தது.

"அப்புறம்?"

சின்னதுரை யோசித்தான். "அதோட வுட்டுட்டாங்க சார்."

அறிவுச்செல்வன் கேமராவை நிறுத்தச் சொன்னார். "ஜாமீன் மனுவுல முட்டி, இடுப்பு, கை, வாயின்னு வரிசையா எழுதிக்கிற. கோர்ட்டுக்கே பொய் சொல்றியா? பொய் மனுவுக்குத் தனியா ஒரு கேஸ் இருக்கு தெரியுமா?"

அதனால் சின்னதுரை முட்டியைச் சொன்னான். இடுப்பைச் சொன்னான். கையைச் சொன்னான். சொல்லச் சொல்ல விழுந்தது. வாயைச் சொல்ல வேண்டி வந்தபோது அவனால் பேச முடியவில்லை, விரலால் காட்டினான். இன்னொரு பல்லும் போனது. சந்தியா கலையரசனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சம்பவத்தில் பெண் இல்லை என்று அவளை ஓரமாகத் தள்ளினார்கள். பிச்சைமுத்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "போதும் வுடுங்கய்யா" என்றார். மலைக்காரரும் சம்பவத்தில் இல்லை என்றார்கள்.

"அருமை" என்றார் அறிவுச்செல்வன். "இது நீ சொல்றது. இனி சிவசங்கர் புகார்ல சொல்றது. உள்ள இருக்கிறது எதுன்னு நமக்குத் தெரியாது. நடுநிலையா நடந்துக்கணும் இல்லியா. இப்ப நீ கலையரசனை அடி."

மூங்கில் கழியை அவன் வலது கையில் கொடுத்தார்கள். சின்னதுரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்நாளில் ஒருவரையும் அடித்ததில்லை. மாட்டைக்கூட நாக்கைச் சொடுக்கித்தான் ஓட்டுவான்.

"வேணாங்க சார்."

"ஒத்துழைக்கலன்னு எழுதிடட்டுமா?"

சின்னதுரை கழியைக் கலையரசனின் தோளில் வைத்து எடுத்தான். இயல்பாக இல்லை என்றார் அறிவுச்செல்வன். மறுபடி வைத்தான். விபூதி வைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மறுபடி, மறுபடி. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, வெளிச்சம் போய்விடும் என்று ஆகாஷ் முணுமுணுத்தான். கலையரசன் பொறுமை இழந்து, "அடிடா" என்று மாவுக்கட்டின் மேல் ஓங்கிக் குத்தினார்.

சின்னதுரை அடித்தான்.

முதல் அடி நெற்றியில். கலையரசன் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். இரண்டாவது முட்டியில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று சின்னதுரைக்குத் தெரியாது. வரிசையில் நின்றது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இழுத்தது, உள்ளங்கால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு, எல்லாம் அந்த ஒரு கையில் வந்து இறங்கியது. ரத்தத்தைப் பார்த்தும் அவன் நிறுத்தவில்லை. அவனுக்கு நன்றாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. கழி இரண்டாகப் பிளந்து, மூன்று பேர் அவன் மேல் விழுந்து அமுக்கிய பிறகுதான் நின்றது.

"கட்" என்றார் அறிவுச்செல்வன். அவர் கண் கலங்கியிருந்தது. இதுவல்லவோ இயல்பு என்றார்.

கோர்ட் அனுப்பியது ஒரு கோப்பு. பதிலுக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும். எதைக் கொடுப்பது என்று கிடங்கில் கூடிப் பேசினார்கள். முதலாவதில் காவலர்கள் அடிக்கிற மாதிரி வருகிறது, அது துறைக்குக் கெட்ட பெயர் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதை அங்கேயே அழித்தார்கள். இரண்டாவது வாய்தாவுக்குப் போனது.

கோர்ட் கம்ப்யூட்டரில் அதை ஒரே தட்டில் திறந்தார்கள். முந்தின கோப்பால் பட்ட பாட்டை நினைத்து எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. சிவசங்கரும் வந்திருந்தார். தான் சொன்ன பொய் இவ்வளவு தத்ரூபமாக நடந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னதுரையின் வக்கீல் எழுந்தார். சம்பவம் நடந்தது மூங்கில்துறைப்பட்டில், படத்தில் வெள்ளிமலை பஸ் நிற்கிறதே, கரும்பு எங்கே, அடி வாங்குகிறவர் யார் என்று கேட்டார். அறிவுச்செல்வன் பணிவாகச் சான்றிதழைக் காட்டினார். 'வடிவ மாற்றத்தின்போது பின்னணியிலும் முகங்களிலும் சிறு மாறுதல்கள் ஏற்படக்கூடும்' என்று அதில் முத்திரையோடு இருந்தது. பிறகு அவராகவே, "நாங்க மட்டும் இல்லன்னா இந்த உண்மை வெளிய வந்தே இருக்காதுங்க. கோப்பு எவ்வளவு அழுத்தமா இருந்தாலும் பொறுமையாப் பேசினா ஒரு நாள் வாயைத் திறக்கும். எங்க பிரிவுல நாங்க அன்பாலதான் திறக்கிறோம்" என்றார். அவருக்குப் பின்னால் தலையில் பெரிய கட்டோடு கலையரசன் நின்றிருந்தார்.

"படத்தில் கழியோடு இருப்பது நீங்கள்தானா?" என்று நீதிபதி சின்னதுரையிடம் கேட்டார்.

"நான்தாங்க. ஆனா இது அந்த அடி இல்லீங்க. இது வேற அடி."

"ரெண்டு எடத்துல அடிச்சதா அவரே ஒத்துக்கறாருங்க" என்றார் அறிவுச்செல்வன். அவருடைய ரெக்கார்டு காப்பாற்றப்பட்டது.

ஜாமீன் ரத்தானது. கலையரசனை அடித்ததற்கு இன்னொரு வழக்கும் சேர்ந்தது. அசல் கோப்பு இனி எதற்கும் தேவையில்லை என்று பிரிவின் அலமாரியில் சீல் வைத்துப் பூட்டினார்கள்.

வேன் கிளம்புவதற்கு முன்னால் சந்தியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் அழுவாள் என்று சின்னதுரை எதிர்பார்த்தான். அழவில்லை.

"வலிக்குதா?" என்றாள்.

"கை மட்டுந்தான்."

அவள் கோர்ட் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் கலையரசனைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு ரோட்டுலயே அவனுங்கள இப்பிடி அடிச்சிருக்கலாம்ல" என்றாள். "செஞ்ச தப்புக்குன்னாவது உள்ள போயிருப்ப."

வேன் கிளம்பியது. சின்னதுரை அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தான். ஜெயில் கதவு வருகிற வரைக்கும் யோசித்துவிட்டு, அவள் சொன்னது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டான்.